கான்ஜி எழுத்தும் தமிழ்க் கவிஞரும்

பாரதியார் ஜப்பானியக் கவிதையைப் பற்றிச் சுதேசமித்திரனில் எழுதியது 1916-ஆம் ஆண்டில். நூறாண்டு கடந்த பின்னும் தமிழ் ஐக்கூவுக்கு ஊற்று பெரும்பாலும் ஆங்கிலமே. ஜப்பானியர் மரபாக மேலிருந்து கீழாக ஒரே வரியில் எழுதும் பாட்டு, ஆங்கிலத்தின் வழியே மூவரியாக இங்கு வந்து சேர்ந்தது. மூலத்தையே படிக்க விழையும் கவிஞரின் முன் நிற்கும் மதில் கான்ஜி. பெயர் கஞ்சியை நினைவூட்டினும், அதன் பொருள் சீன எழுத்து என்பதே.

மதில் உயரமானதுதான். 2020 முதல் ஜப்பானியத் தொடக்கப் பள்ளியின் ஆறாண்டுப் பாடத்தில் 1,026 எழுத்துகள் உள்ளன. 2010-இல் திருத்தப்பட்ட பொதுவழக்குப் பட்டியலில் 2,136.

ஆயினும் வாடிப்பட்டியில் நிற்பவருக்கு முதற்பாடம் கண்ணெதிரே இருக்கிறது. வடக்கே சிறுமலை, மூன்று முகடு நிமிர்ந்தால் மலை என்னும் எழுத்து. பெரியாற்றுக் கால்வாய் பாயும் கழனியில் வரப்புகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் சதுரமே வயல். வயலின் கீழ் ‘வலிமை’யை வைத்தால் ஆண்மகன். (நாற்று நடும் பெண்கள் இதற்கு உடன்படுவார்களா என்பது வேறு.) வயலின் இடப்புறம் ‘தீ’யைச் சேர்த்தால் புன்செய். இவ்வெழுத்து சீனத்திலிருந்து வந்ததன்று. நன்செய்க்கும் புன்செய்க்கும் தனித்தனி எழுத்து வேண்டுமெனக் கருதிய ஜப்பானியர் தாமே படைத்தது.

எல்லா எழுத்தும் இப்படிப் படம் காட்டுவதில்லை. பெரும்பாலானவற்றில் ஓர் உறுப்பு பொருளையும் மற்றோர் உறுப்பு ஒலியையும் சுட்டும். கோடுகளுக்கு வரிசையும் உண்டு: மேலது முன், கீழது பின், இடம் முன், வலம் பின். கண்ணைவிடக் கையே இதை விரைவில் கற்கிறது.

உண்மையான கடினம் ஒலிப்பில் இருக்கிறது. மலை எழுத்தை ‘யாமா’ என்றும் படிக்கலாம், ‘சன்’ என்றும் படிக்கலாம். முன்னது ஜப்பானியரின் சொந்தச் சொல். பின்னது சீன ஒலியின் வழி வந்தது. மதுரையை அடுத்த மாங்குளம் குகைகளில் எழுதிய தமிழர், பிராமியை ஏற்றபோது ழ, ள, ற, ன ஒலிகளுக்கு வடிவம் அமைத்துக்கொண்டனர். ஜப்பானியரோ அயல் வடிவத்தின்மேல் தம் சொல்லையே ஏற்றிவைத்தனர். தாய்மொழியைக் காத்துக்கொள்ள இரண்டு வழிகள்.

இந்த ஏற்றத்தின் உச்சம் எட்டாம் நூற்றாண்டின் மன்யோசு. இருபது தொகுதி, 4,500-க்கு மேற்பட்ட பாடல்கள். ஜப்பானியருக்கெனத் தனி அசையெழுத்து உருவாகாத காலமாதலின், எல்லாம் சீன எழுத்திலேயே. அங்கே ஓரிடத்தில் ‘பதினாறு’ என்று எழுதியிருக்கும். படிக்க வேண்டியது ‘ஷிஷி’. ‘ஷி’ நான்கு; நாநான்கு பதினாறு. ‘ஷிஷி’ என்பது மான், பன்றி முதலிய வேட்டை விலங்கு! வாய்பாடு தெரிந்த புலவன் காட்டில் ஒளித்த விலங்கு அது. மொழிபெயர்ப்பில் விலங்கு மட்டும் வரும், பதினாறு வராது.

இந்நூற் பாடல்களைத் தமிழில் தந்தவர் யாழ்ப்பாணத்து மனோன்மணி சண்முகதாஸ். அவரும் பேராசிரியர் அ. சண்முகதாசும் ஜப்பானில் சுசுமு ஓனோவுடன் பணியாற்றினர். தமிழும் ஜப்பானியமும் உறவுடையன என்ற ஓனோவின் கொள்கையை மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. தமிழாக்கம் அக்கொள்கையை நம்பி நிற்பதன்று.

அவ்வழியே செல்ல விரும்பும் கவிஞருக்கு, நாளுக்கு மூன்று எழுத்தாக, மறதியைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இரண்டாண்டில் பட்டியல் முடியும். பதினாறில் மானைக் காண இன்னும் சில ஆண்டுகள் வேண்டும்.