நுரையீரற் புற்றுநோயும் சஸ்திர சிகிச்சைக்குப் பின் ஆயுளும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டம் கலைந்தபின் நம்மவருள் ஒரு பெரியவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "தம்பி, நுரையீரலில் புற்று என்கிறார்கள், அறுத்தெடுத்தால் பிழைப்பேனா?" என்று வினவினார். நின்ற நிலையில் விடை கூற நான் துணியவில்லை. அவ்வினாவையே இன்றைக்கு விஷயமாக எடுத்துக்கொண்டேன்.

1933-ஆம் வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி, அமெரிக்கா தேசத்துச் செயிண்ட் லூயி நகரத்தில், எவார்ட்ஸ் கிரஹாம் என்னும் சஸ்திர வைத்தியர், புற்றுண்ட இடது நுரையீரல் முழுவதையும் ஒரே முறையில் அகற்றினார். புற்றுக்காக அவ்வாறு செய்யப்பெற்றுப் பிழைத்தவர் அதற்குமுன் எவரும் இலர். நோயாளியும் ஒரு வைத்தியரே, வயது 48. அவர் எஞ்சிய ஒரு நுரையீரலுடன் ஏறக்குறைய 30 வருஷம் ஜீவித்திருந்தார்.

ஆயினும் எல்லோருக்கும் அப்பேறு கிட்டுவதில்லை. ஏன்? கத்தியின் திறமையைவிட, கத்தி எடுக்குமுன் நோய் எவ்வளவு தூரம் நடந்துவிட்டது என்பதே முதற்காரணம். மார்பினுள்ளே நிணநீர்க் கணுக்கள் உண்டு. புற்று முதலில் நுழையும் வழி பெரும்பாலும் அவையே. சஸ்திர சிகிச்சை பெற்றோரைப்பற்றிப் பல தேசத்துக் கணக்குகளைத் திரட்டிப் பார்த்ததில், கணுக்களில் நோய் இல்லாதவர்களுள் நூற்றுக்கு 75 பேர் 5 வருஷம் கடந்திருந்தனர். நுரையீரலை ஒட்டிய கணுக்களில் நோய் புகுந்திருப்பின் 49 பேர். நடுமார்புக் கணுக்களை எட்டியிருப்பின் 36 பேரே. ஆதலால் கட்டியை எடுப்பதோடு நில்லாமல் கணுக்களையும் எடுத்துப் பரிசோதிப்பது இன்றியமையாதது. அறுத்தபின், "கணுக்களைப் பார்த்தீர்களா?" என்று டாக்டரைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

நம் தேசத்தில் இருமலும் இரத்தமும் கண்டால் க்ஷயம் என்றே எண்ணிவிடுகிறோம். சளியைப் பரிசோதியாமலே க்ஷயத்திற்கு மருந்துண்டு சில மாதங்களைப் போக்கியபின் ஆஸ்பத்திரிக்கு வருவோர் பலர். அந்த மாதங்களில் புற்று கணுக்களை எட்டிவிடக்கூடும்.

எவ்வளவு அறுப்பது என்பதிலும் கருத்து மாறிவருகிறது. 2 ஸெண்டிமீட்டருக்கு மேற்படாத கட்டிக்கு, நுரையீரலின் ஒரு மடலை முழுதும் எடுக்காமல் அதன் ஒரு பகுதியை மட்டும் எடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று ஜப்பானியர் 2022-இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டிற்று. வயது ஒன்றே தடையாகாது. மூச்சின் வலிமையும் இருதயத்தின் நிலையுமே முக்கியம். அதற்காகவே கருவியில் ஊதச் செய்தும் மாடிப்படி ஏறச் செய்தும் பார்க்கிறார்கள். நம் தாய்மார்களுள் புகையையே அறியாதவர்க்கும் இந்நோய் வருவதுண்டு. அத்தகையோர் பலரது கட்டியில் தனியொரு மாறுதல் காணப்படும். அதற்கென்றே உள்ள மாத்திரையைச் சிகிச்சைக்குப்பின் உட்கொண்டவர்கள் அதிகமாகப் பிழைத்தது 2023-இல் தெளிவாயிற்று.

இனிப் புகையிலை. "வந்தது வந்துவிட்டது, இனி விட்டென்ன?" என்பார் பலர். ஆரம்ப நிலையில் நோய் கண்ட 65 வயதினருள், புகைப்பதைத் தொடர்பவர் நூற்றுக்கு 33 பேரும், விட்டவர் 70 பேரும் 5 வருஷம் இருப்பர் என்று 2010-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. மதிப்பீடேயாயினும் வித்தியாசம் அற்பமன்று. அறுக்குமுன் விட்டவனுக்குச் சளி கட்டுதலும் காய்ச்சலும் குறைவு என்பது வேறு.

கிரஹாம் அவர்களும் நெடுங்காலம் சிகரெட்டுப் புகைத்தவரே. அதனால் புற்று வரும் என்பதை முதலில் அவர் நம்பவில்லை; நைலான் காலுறை விற்பனையும்தான் கூடவே பெருகியிருக்கிறது என்று பரிகசித்தாராம். பின்னர் வைண்டர் என்னும் இளைஞருடன் கூடி 684 நோயாளிகளை விசாரித்து, 1950-இல் தம் எண்ணம் பிழையென்று தாமே பிரசுரம் செய்தார். புகைப்பதையும் விட்டார். ஆனால் 1957-இல் அவருக்கே அந்நோய் கண்டபோது இரு நுரையீரல்களிலும் பரவியிருந்தது. அவர் பிறருக்குச் செய்த சிகிச்சையை அவருக்குச் செய்ய வழியில்லை. அவ்வருஷம் மார்ச்சு 4-ந் தேதி காலமானார். அவர் 1933-இல் அறுத்துக் காத்த நோயாளி 1963 வரை இருந்தார்.