வெட்டவெளியில் தோன்றிய ஒளி

(கழகத்தின் வெள்ளி விழா ஆண்டில், கிறிஸ்து பிறப்பு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மார்கழிப் பனி இறங்கத் தொடங்கிவிட்டது. மூங்கிற் சிம்பும் வண்ணத்தாளும் கொண்டு செய்த விண்மீன்கள் நம் தெருவில் வீட்டுக்கு வீடு தொங்குகின்றன. கிறிஸ்தவர் வீட்டில் மட்டும் அன்று. அடுத்த வீட்டில் கண்டு பிள்ளை அழுதான் என்பதற்காக மாரியம்மனை வழிபடும் வீட்டு வாசலிலும் ஒன்று தொங்குகிறது. நம் கழகத்தில் கிறிஸ்தவரும் உளர், இந்துக்களும் உளர், பண்டிதர் அயோத்திதாசர் காட்டிய வழியில் பௌத்தம் பயில்வோரும் உளர். விழா ஒரு சமயத்தாருடையது. அவ்விழாவின் ஒளி நம் எல்லார்க்கும் என்ன சொல்கிறது என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட பொருள்.

இயேசு பெருமான் பிறந்த நாள் இன்னது என்று நற்செய்தி நூல்கள் கூறவில்லை. டிசம்பர் 25 அன்று அவ்விழா கொண்டாடப்பட்டதற்குரிய மிகப் பழைய சான்று உரோமை நகரில் கி.பி. 336-ஆம் ஆண்டைச் சார்ந்தது. அந்நாள் ஏன் தெரிந்தெடுக்கப்பட்டது என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் ஒன்று உறுதி. வடபுல நாடுகளில் பகல் மிகக் குறுகி, இரவு மிக நீண்டு, அதன் பின்னர்ப் பகல் சிறிது சிறிதாக வளரத் தொடங்கும் காலம் அது. இருள் மிக நீண்ட இடத்தில் விளக்கை வைத்தார்கள்.

இங்கே ஒரு சிறு செய்தி. கல்விக் கழகத்தாராகிய நமக்கு உவப்பூட்டுவது. இன்று தேவாலயங்களில் திருவருகைக் காலத்தில் நான்கு மெழுகுதிரிகள் வைத்த பசுந்தழை வளையத்தைக் காண்கிறோம். அதனைத் தொடங்கி வைத்தவர் யோகான் இன்றிக் விகர்ன் என்னும் செருமானிய ஊழியர். 1833-இல் ஆம்பர்க்கு நகரில் ஏழைச் சிறுவர்க்கென ஓர் இல்லம் நிறுவினார். விழா என்று வரும், என்று வரும் எனப் பிள்ளைகள் நாள்தோறும் கேட்கவே, 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தின் மேல் ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய திரிகளும் வாரநாள்களுக்குச் சிறிய திரிகளுமாக நிறுத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றச் செய்தார். பிள்ளைகள் எண்ணவும் கற்றனர், காத்திருக்கவும் கற்றனர். நாம் தொங்கவிடும் தாள் விண்மீனுக்கு முன்னோடிகளுள் ஒன்றும் அதே நாட்டில், நீசுக்கி என்னும் ஊரில் மொரேவிய சபையார் நடத்திய பள்ளியில், கணக்குப் பாடத்திற்காகச் செய்யப்பட்டதே. ஆக, இவ்விரு விளக்குகளும் பிள்ளைகளுக்கு நடுவே பிறந்தவை.

இனி, நற்செய்திக்கு வருவோம். லூக்கா தம் வரலாற்றைப் பேரரசன் அகுஸ்துவின் பெயரோடு தொடங்குகிறார். மக்கட்தொகைக் கணக்கு, ஆளுநர், ஆணை, பதிவேடு என்று அரசாங்கத்தின் பெருமையெல்லாம் முதலில் வருகின்றன. அடுத்துச் சத்திரத்தில் இடமில்லை என்ற செய்தி வருகிறது. இவ்விடத்தை விளக்கிச் சொல்ல நமக்கு ஒரு விரிவுரையாளர் வேண்டியதில்லை. இடமில்லை என்ற சொல்லை நம் முன்னோர் எத்தனை வாசல்களில் கேட்டிருக்கிறார்கள்!

அந்த இரவில் ஒளி எங்கே தோன்றியது? அரண்மனையில் அன்று. எருசலேம் ஆலயத்தில் அன்று. வெட்டவெளியில், ஆடு காத்துக்கொண்டிருந்தோர் மீது தோன்றியது. நம் மாவட்டத்தில் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டு, இரவெல்லாம் பனியில் கண் விழித்திருக்கும் கீதாரிகளை நாம் அறிவோம். அத்தகைய இரவுக் காவலாளிகள் அவர்கள். அகுஸ்துவின் பெயரை எழுதிய லூக்கா, அவர்களுள் ஒருவர் பெயரையும் எழுதவில்லை. பெயரில்லாத அவர்களைச் சுற்றித்தான் இறைவனின் மாட்சி ஒளிர்ந்தது என்கிறார். அவர்கள் முதலில் மகிழவில்லை, மிகவும் அஞ்சினார்கள். இதுவும் உண்மையே. நெடுங்காலம் இருளில் இருத்தப்பட்டவருக்குத் திடீரென வரும் வெளிச்சம் அச்சந்தான் தரும். பெயரெழுதத் தொடங்கிய முதல்நாள் நம் தாய்மாரின் கை நடுங்கியதை நாம் கண்டிருக்கிறோம்.

இன்னும் ஒன்று கருதத்தக்கது. குழந்தை கிடந்த தொழுவத்தில் ஒளி வீசியதாக லூக்கா ஒரு சொல்லும் சொல்லவில்லை. குழந்தையின் மேனியிலிருந்தே ஒளி புறப்படுவதாகத் தீட்டியவர்கள் பிற்காலத்து ஓவியர்கள். 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய ஓவியர் கொரெஜ்ஜோ தீட்டிய படம் அவற்றுள் புகழ் பெற்றது. அழகிய கற்பனை. ஆனால் நூலிற் கண்டபடி, பேரொளி வெளியில். குழந்தை கிடந்ததோ தீவனத் தொட்டியில். ஒளியைக் கண்டவர்கள் அந்தத் தொட்டியைத் தேடி இரவிலேயே நடக்க வேண்டியிருந்தது. வானத்து வெளிச்சம் மறைந்த பிறகே அவர்கள் புறப்பட்டார்கள். விரைந்து போனார்கள், கண்டார்கள், கண்டதை மற்றவர்க்குச் சொன்னார்கள். தொழுவத்திற்கு ஒளி போயிற்றென்றால் அது அவர்கள் கால்களால் போயிற்று.

மத்தேயு எழுதிய வரலாற்றில் விண்மீன் வருகிறது. கீழ்த்திசை ஞானிகள் அதனைக் கண்டு நெடுந்தொலைவு நடந்தார்கள். அவர்கள் எருசலேமுக்கு வந்து கேட்டபோது, ஏரோது மன்னன் மறைநூல் வல்லாரை அழைத்து, மெசியா எங்கே பிறப்பார் என்று வினவினான். அவர்கள் உடனே சரியான விடை சொன்னார்கள்: யூதேயாவிலுள்ள பெத்லகேம் என்று. தேர்வாயின் முழு மதிப்பெண் பெறும் விடை. எருசலேமிலிருந்து பெத்லகேம் இரண்டு மணி நேர நடைக்குள் அடங்கும் தொலைவு. விடை சொன்னவருள் ஒருவரேனும் எழுந்து போனதாக மத்தேயு எழுதவில்லை. படித்தவர்களாகிய நாம் இவ்விடத்தை மெல்லக் கடந்துபோக விரும்புகிறோம். ஆனால் இது நமக்கென்றே எழுதப்பட்டது போல் இருக்கிறது.

டிசம்பர் 25 என்னும் நாளை நாம் வேறு இரண்டு நெருப்புகளாலும் நினைவில் வைத்திருக்கிறோம். 1927-இல் அந்நாளில், மகாத் நகரில், அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மனுநூல் எரியூட்டப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் அதே ஊரின் சவுதார் குளத்தில் நீரருந்தும் உரிமைக்காக அம்மக்கள் அணிவகுத்திருந்தனர். 1968-இல் அதே நாள் இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். தேவாலயங்களில் நள்ளிரவு விளக்குகள் ஏற்றப்பட்டதற்கு மறுநாள் இரவு அது. வெளிச்சமெல்லாம் ஒளி ஆகிவிடாது என்பதை நம் மக்கள் அன்று கற்றார்கள்.

நம் மாவட்டத்திற்கே வருவோம். 2022 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், வேங்கைவயலில் ஆதிதிராவிடர் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. குற்றம் யாருடையது என்பதை இம்மேடை தீர்க்க இயலாது. அந்த நீரைக் குடித்த பிள்ளைகள் நோயுற்றார்கள் என்பதை நாம் அறிவோம். மகாத்தில் கேட்டதும் நீர்தான். தேவாலய மதில்களுக்குள்ளும் இருள் இல்லை என்று சொல்ல நமக்கு நாவெழவில்லை. தனி இருக்கை, தனிக் கல்லறை, நடுவே சுவர் என்று, ஒரே திருமுழுக்குப் பெற்றோரைப் பிரித்து வைத்த வழக்கம் தமிழகத்துத் திருச்சபையில் இன்னும் முற்றாக மறையவில்லை.

ஒரு நிகழ்ச்சி. கழகத்தின் தொடக்க ஆண்டுகளில் நம் மாலை வகுப்புத் தெருவிளக்கின் கீழ் நடந்தது. விளக்குப் பழுதான காலத்தில், அண்மையிலிருந்த ஒரு தேவாலயத்தின் தாழ்வாரத்தைக் கேட்டோம். அங்கே இரவெல்லாம் ஒரு விளக்கு எரியும். பொறுப்பிலிருந்தோர் மறுத்துவிட்டனர். ஊரும் பெயரும் இங்கே வேண்டா. அவர்களுட் சிலர் பின்னாளில் நம்மோடு நல்லுறவு பூண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் அந்தக் கோபுரத்தில் பெரியதொரு மின் விண்மீனைக் கட்டினார்கள். அதன் வெளிச்சம் மதிலைத் தாண்டித் தெருவில் விழுந்தது. நம் பிள்ளைகள் யாரையும் கேளாமல் பாயை அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டு வாய்ப்பாடு படித்தார்கள். விழா முடிந்து விண்மீனை இறக்கும் வரையில் அங்கேயே வகுப்பு நடந்தது. அப்பிள்ளைகளுள் இருவர் இன்று ஆசிரியர்கள்.

ஒளி என்ற சொல்லையே பெயராகக் கொண்ட ஓர் இயக்கம் இம்மண்ணில் நடந்ததை இளைஞர்கள் அறிதல் வேண்டும். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், அந்நாள் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தில், அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. பகலெல்லாம் கல்லுடைத்தவர்களும் நாற்று நட்டவர்களும் இரவில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி அமர்ந்து எழுத்துக் கற்றார்கள். கற்பித்தவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். அவர்களுட் பலர் அதே தெருவின் இளைஞர்களும் இளம்பெண்களும். எழுத்தோடு மிதிவண்டியும் வந்தது. 1992-இல் அனைத்துலக மகளிர் நாளில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் மிதிவண்டி ஓட்டிச் சென்றார்கள். கல்லுடைத்துக் கூலி பெற்ற பெண்கள் குழுவாகச் சேர்ந்து கல்குவாரிகளைத் தாமே குத்தகைக்கு எடுத்தார்கள். பொழுதடைந்த பின் கண் விழித்திருந்த உழைப்பாளரைத் தேடி வந்த ஒளி அது. நற்செய்தியை நினையாமல் அவ்விரவுகளை நம்மால் எண்ண இயலவில்லை. அவ்வியக்கத்தில் எல்லாச் சமயத்தாரும் இருந்தனர், எச்சமயமும் வேண்டாதவரும் இருந்தனர் என்பதையும் சொல்லிவிடுவது முறை.

இப்போது நம்மைப் பற்றி. வெள்ளி விழாவில் பெருமை பேசுவது வழக்கம்; மலரின் மற்றப் பக்கங்களில் அது வேண்டிய அளவு இருக்கிறது. நம் வகுப்புகளில் படித்தவர்கள் செவிலியராக, எழுத்தராக, பொறியாளராகச் சென்னையிலும் கோவையிலும் கடல் கடந்தும் இருக்கிறார்கள். அவர்கள் ஊர் திரும்பும் போதெல்லாம் இனிப்புப் பொட்டலத்தோடு கழகத்திற்கு வருகிறார்கள், நன்கொடையும் தருகிறார்கள். மகிழ்ச்சியே. ஆனால் இவ்வாண்டு சூன் திங்கள் முதல் மாலை வகுப்பில் கணக்குச் சொல்லித்தர ஆளில்லை. உள்ளூரிலேயே பட்டம் பெற்றுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள் பலர் உளர். கேட்டால், நேரமில்லை என்கிறார்கள். பெத்லகேம் எங்கே என்ற வினாவுக்குச் சரியான விடை சொல்லிவிட்டு அரண்மனையிலேயே இருந்துவிட்டவர்களைப் பற்றி முன்னர்ச் சொன்னோம். அவர்களைக் கடிந்து பேசுவது எளிது. பெற்றோராகிய நாமும் நம் பிள்ளையைப் பார்த்து, உன் படிப்பை மட்டும் பார் என்றுதான் சொல்லி வந்திருக்கிறோம். அந்தப் பிழையில் நமக்கும் பங்கு உண்டு.

வகுப்பறையில் இப்போது மின்விளக்கு உண்டு, கரும்பலகை உண்டு, மின்தடை நேர்ந்தால் ஏற்ற ஒரு பழைய அரிக்கேன் விளக்கும் உண்டு. சனவரித் திங்கள் முதல் திங்கட்கிழமை வகுப்புகள் மீண்டும் தொடங்குகின்றன. மாலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை. எட்டாம் வகுப்புக் கணக்கிற்கும் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்திற்கும் ஆள் வேண்டும். பெயர் எழுதும் குறிப்பேடு வாசலருகே மேசையில், செயலாளர் முன்னே இருக்கிறது. உணவு உண்டபின் அவ்வழியாகத்தான் அனைவரும் வெளியே செல்ல வேண்டும்.