தமிழவேள் பி. டி. இராஜன்
(அமிர்தி திருக்குட நன்னீராட்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஜவ்வாது மலையடிவாரத்தில் நடைபெறும் இப்புனித விழாவில் ஒரு பாரிஸ்டரைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். அவர் நீதிக்கட்சித் தலைவர்; சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாகச் சில திங்கள் வீற்றிருந்தவர். ஆயினும் அவர் பெயர் அழியாது நிற்பது ஆட்சி மன்றத்தில் அன்று, ஆண்டவன் சந்நிதியிலே என்பது அடியேன் துணிபு.

பி. டி. இராஜன் அவர்கள் 1892ஆம் ஆண்டு உத்தமபாளையத்தில் தோன்றினார். இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் லீஸ் பள்ளியிலும், ஆக்ஸ்போர்டில் ஜீசஸ் கல்லூரியிலும் பயின்று, பாரிஸ்டராகத் தாயகம் திரும்பினார். 1920இல் சட்டசபை உறுப்பினர், 1930இல் அமைச்சர், 1936இல் பொப்பிலி அரசர் ஐரோப்பா சென்றிருந்த காலத்தில், ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை முதன்மந்திரி. பதவிகளின் வரலாறு இவ்வளவில் அமைக.

1944இல் சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாயிற்று. பெரியாரைப் பின்பற்றிப் பெரும்பாலோர் சென்றனர். இராஜன் அவர்கள் செல்லவில்லை. அப்பிரிவுக்குக் காரணங்கள் பல கூறுவர். அவற்றை ஆராய்வது இங்கு வேண்டுவதன்று. பழைய பெயரைப் பற்றி நின்றதால் அவர் அடைந்த பயன் யாது? 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சிக்குக் கிட்டியது ஒரே ஓர் இடம். அது கம்பத்தில் அவர் வென்ற இடம். அரசியலில் தனித்து நின்ற அந்த ஆண்டுகளிலேதான் அவர் செய்த தெய்வப்பணி ஓங்கியது.

1950இல் சபரிமலைக் கோயில் தீக்கு இரையாயிற்று. புதிதாக ஐம்பொன்னால் ஐயப்பன் திருவுருவம் செங்கன்னூரில் வார்க்கப்பட்டது. அதனை வழங்கியவர் இராஜன் அவர்கள். வழங்கியதோடு அவர் அமையவில்லை. நாடகக் கலைஞர் நவாப் இராஜமாணிக்கம் அவர்களும் தாமுமாகத் தமிழ்நாட்டு ஊர்கள்தோறும் அத்திருவுருவத்தை ஊர்வலமாக எழுந்தருளச் செய்தார்கள். 1951இல் அது மலைமேல் நிறுவப் பெற்றது.

இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். வீதியுலா வருவது உற்சவமூர்த்தி. மூலவர் கருவறையை நீங்குவதில்லை. நிலைநாட்டப் பெறுமுன்னே மூலவராம் திருவுருவம் தெருத்தெருவாக வந்தது எத்துணை அரிய காட்சி! மலையேற இயலாத முதியோரும், நோயுற்றோரும், காட்டுவழிப் பயணத்தைக் கனவிலும் கருதாத தாய்மாரும் தத்தம் ஊரிலேயே கண்டு கைகுவித்தனர். மலைக்கு மக்களை அழைக்குமுன் மலைநாதனை மக்களிடம் அழைத்து வந்தார் அப்பெருமகனார்.

அதன் விளைவை நம் வட்டாரத்திலேயே காணலாம். கார்த்திகை பிறந்ததும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எங்கும் சரணகோஷம் கேட்கிறது. உலகத்தார் கால்களுக்கெல்லாம் தோல் பதனிட்டுக் காலணி தைத்து அனுப்பும் தொழிலாளர் பலர், நாற்பத்தொரு நாள் தாம் செருப்பணியாது நடக்கின்றனர்! இப்பெருக்கிற்கு அந்த ஊர்வலம் மட்டுமே காரணம் என்று சொல்லேன். ஆனால் அதுவே வாயிலைத் திறந்தது எனலாம்.

அடுத்தது மதுரை. அங்கயற்கண்ணி ஆலயத் திருப்பணிக் குழுவுக்குத் தலைமை பூண்டு உழைத்தார். 1963ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் குடமுழுக்கு நிகழ்ந்தது. அப்பணியின் அளவை அறிய, தெற்குக் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். ஏறத்தாழ 170 அடி உயரம்; ஒன்பது நிலைகள்; ஆயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சுதைச் சிற்பங்கள். சுதையோ சுண்ணாம்பும் செங்கல்லுமே. வெயிலும் மழையும் அதனை விரிசல் காணச் செய்யும். பறவையின் எச்சத்தில் விழுந்த ஓர் அரச விதை, வேரூன்றிச் செங்கல்லைப் பிளக்கும். சாரங்கட்டி ஏறி ஒவ்வொரு கையையும், ஒவ்வொரு முடியையும் ஸ்தபதிகள் திருத்த வேண்டும். அதற்குப் பொருள் திரட்ட வேண்டும். திரட்டியதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். இக்கடைசிப் பணியில்தான் சட்டம் கற்றவர் துணை பெரிதும் வேண்டப்படுகிறது. கொடுத்தவன் கணக்குக் கேட்பது குற்றமன்று. குழுவினர் காட்டுவது தாழ்வுமன்று. சில ஊர்களில் இதனை மறந்து பகை வளர்ப்பார்கள். நம்மூரில் அந்நிலை நேராதிருப்பதாக.

இராஜன் அவர்கள் 1974ஆம் ஆண்டு செப்டம்பரில் இறைவனடி சேர்ந்தார். அன்னாரின் மைந்தர் பழனிவேல் இராஜன் அவர்கள் 2006இல் அறநிலையத்துறை அமைச்சராகப் பொறுப்பேற்றுச் சில நாட்களிலேயே மறைந்தது நெஞ்சை உருக்கும் செய்தி.

மதுரையில் பின்னர் 1995இலும் 2009இலும் மீண்டும் குடமுழுக்குகள் நடந்தன. ஒரு முறை செய்து கைகழுவும் பணியன்று இது. ஆதலின் இங்குள்ள இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஆண்டுதோறும் விமானத்தின் மீது ஏறி, முளைத்திருக்கும் அரசங்கன்றுகளை வேரோடு களையுங்கள். பொருள் கொடுக்க இயலாதவர்க்கும் இத்திருப்பணியில் பங்குண்டு. அதற்குரிய ஏணியை இவ்விழா முடிவதற்குள் யாரேனும் ஒரு புரவலர் வாங்கித் தருவாராக.