ஏடும் படியும்



1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் இரவு மூட்டப்பட்ட தீயிலே யாழ்ப்பாணப் பொது நூலகமும், அதிலிருந்த ஏறக்குறைய 97,000 நூல்களும் அழிந்தன. அச்சு நூல்கள் பலவற்றை வேறிடங்களில் தேடிப் பெறலாம். ஒரே படியாய் அங்கிருந்த ஏட்டுச் சுவடிகளை எங்கே தேடுவது? மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை இன்றும் நம் கையில் இருக்கின்றதென்றால், அது 19ஆம் நூற்றாண்டிலேயே அச்சேறிப் பலவிடங்களிற் பரவியதே காரணம். பிறிற்றோ என்பார் 1879இலே அதனை ஆங்கிலத்திலும் வெளியிட்டிருந்தார்.

இன்று நம் கடிதங்கள் மின்னஞ்சல் வழங்கி என்னும் கணினியிலே தங்குகின்றன. அதன் படியை அதே பெட்டிக்குள் இன்னொரு வட்டில் வைத்துவிட்டு நிம்மதியாய் உறங்குவோர் பலர். ஒரே மின்னலில் இரண்டும் போகும்! உடனுக்குடன் இரட்டிக்கும் வட்டோ, நாம் தவறி அழித்ததையும் உடனே அழித்துவிடும், அது காப்பன்று. நாள்தோறும் எடுத்த படிகளுள் ஒன்றேனும் வேறோர் ஊரிலே, வழங்கியோடு தொடர்பற்றதாய் இருத்தல் வேண்டும்.

நம் முன்னோர் ஏட்டைப் படியெடுத்ததோடு நில்லாது, ஒருவர் வாசிக்க மற்றவர் ஒப்புநோக்கினர். வழங்கியைப் பேணுவோர் பெரும்பாலும் மறப்பது இதனையே. மாதம் ஒருமுறை பழைய கடிதமொன்றைப் படியிலிருந்து வேறு கணினியில் மீட்டு, இணைப்போடு திறந்து பாருங்கள். திறக்கவில்லையெனில், மூலம் இருக்கும்போதே வேறு படி எடுத்துக்கொள்ளலாம்.