பிரித்தலும் சுருக்குதலும்



பெரியதொரு பொருளைச் சிறியதொரு கலத்தில் இடவேண்டுமாயின், நாம் செய்யக்கூடியவை இரண்டு. அப்பொருளைப் பகுத்துப் பல கலங்களில் இடலாம்; அல்லது பொருளையே சுருக்கி ஒரே கலத்தில் அடக்கலாம். காணொளிக் கோப்புகளைத் தகடுகளில் பதியும் வேலையும் இவ்விரண்டினுள் அடங்கும். எப்போது பிரிப்பது, எப்போது சுருக்குவது என்று அறியாமல் நான் ஒருமுறை பெரும்பிழை செய்தேன். அதனை உங்களிடம் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

2004ஆம் ஆண்டு, நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் புவியியல் ஆசிரியர் ஒருவர் பணி ஓய்வு பெற்றார். நூலைப் பாராமலே தென்னாட்டு ஆறுகள் அனைத்தையும் கரும்பலகையில் வரைந்து, ஒவ்வொன்றின் பெயரையும் எழுதிக் காட்டுவார். அவருடைய இறுதி வகுப்பை ஒன்றரை மணி நேரம் இரண்டு வீடியோ நாடாக்களில் பதிவு செய்தோம். அந்நாளில் மாணவர் இல்லங்களில் பெருவழக்காக இருந்த வீடியோ குறுந்தகட்டில் அதனை மாற்றி வழங்க விரும்பினேன்.

“இரண்டு தகடுகள் ஆகும், ஐயா” என்றார் பதிவு செய்தவர். “ஒன்றே போதும், எப்படியாவது அடக்கிவிடுங்கள்” என்றேன் நான். அவரும் அடக்கித் தந்தார். சில வாரங்களில் அதே நாடாக்களின் மேல் விளையாட்டு விழாவைப் பதிவு செய்துவிட்டோம்.

பின்னொரு நாள் தகட்டைப் போட்டுப் பார்த்தேன். ஆசிரியரின் குரல் கேட்டது, உருவம் தெரிந்தது. ஆனால் கரும்பலகையில் காவிரி எது, பாலாறு எது என்று அறியக்கூடவில்லை. எழுத்துகளெல்லாம் வெண்புள்ளிகளாய்க் கலைந்து கிடந்தன.

இது ஏன் நேர்ந்தது? 1993இல் வகுக்கப்பட்ட வீடியோ குறுந்தகட்டு முறையில், நம் நாட்டுத் தொலைக்காட்சிக்குரிய படம் அகலத்தில் 352 புள்ளிகளும் உயரத்தில் 288 புள்ளிகளும் கொண்டது. டிவிடியிலோ அது 720க்கு 576. பெருக்கிப் பாருங்கள், முன்னது பின்னதில் கால் பங்கே. குறுந்தகட்டு முறையில் ஒரு நொடிக் காட்சிக்கு 11.5 இலட்சம் பிட்டுகளும், ஒலிக்கு 2.24 இலட்சம் பிட்டுகளும் உண்டு. அந்த அளவில் ஒரு தகட்டில் 74 முதல் 80 நிமிடம் வரையே அடங்கும். எங்கள் பாடமோ 90 நிமிடம். ஒரே தகட்டில் அடக்கும்பொருட்டு, முன்னமே குறைவான அந்தப் பங்கையும் நான் குறைக்கச் செய்தேன்.

நெல்லை இரண்டு மூட்டைகளில் பிரித்துக் கட்டினாலும் அது நெல்லாகவே இருக்கும். மாவாக அரைத்தபின் மீண்டும் நெல்லாகாது. காணொளியைப் பிரித்தால் ஒன்றும் குறையாது. சுருக்கினால் விட்டுப்போனது திரும்பி வாராது. சுருக்கியதை மறுபடியும் சுருக்கினால் இழப்பும் பெருகும்.

ஆயினும், பிரிப்பதற்கும் ஒரு முறை உண்டு. வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை நாற்பது பெயர்களையும் எழுதிவிட்டு, மற்ற நாட்களில் வராதவர் பெயரை மட்டும் குறித்துவைத்ததாகக் கொள்வோம். ஏட்டை நடுவே கிழித்தால் பிற்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு வகுப்பில் இருந்தவர் யாரென்று சொல்ல இயலாது. காணொளிக் கோப்பும் பெரும்பாலும் அவ்வாறே அமைந்தது. இடையிடையே ஒரு முழுப்படம். அதனைத் தொடர்ந்து மாறுதல்கள் மட்டும். ஆகவே, மறுபடி சுருக்காமல் வெட்டவேண்டுமாயின் முழுப்படம் வரும் இடத்தில் வெட்டவேண்டும். அவ்விடம் ஒரு பாடப்பகுதியின் முடிவுக்கு அருகில் அமைந்தால் மிக நன்று.

சுருக்குவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. சுருக்கும் முன் கணக்கிடுங்கள் என்கிறேன். ஓரடுக்கு டிவிடியின் கொள்ளளவு 470 கோடி பைட்டுகள். அதாவது 3,760 கோடி பிட்டுகள். 90 நிமிடத்திற்கு 5,400 நொடிகள். வகுத்தால் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 69 இலட்சம் பிட்டுகள் கிடைக்கும். குறுந்தகட்டின் அளவைப்போல் இது ஐந்து மடங்கு. எங்கள் ஆசிரியரின் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்திருக்கும். நிகழ்ச்சி மூன்று மணி நேரமாயின் அப்பங்கு பாதியாகிவிடும். அப்போது இரண்டு தகடுகளாகப் பிரிப்பதே அறிவுடைமை.

என் பிழையில் பெரியது எது? தகட்டில் திணித்ததன்று, மூலத்தை அழித்ததே. நாடாக்கள் இருந்திருந்தால் மறு ஆண்டே டிவிடியில் பதிந்திருக்கலாம். ஒரு தகட்டின் விலையை மிச்சப்படுத்தி ஒரு பாடத்தை இழந்தேன். அவ்வாசிரியர் இப்போது நம்மிடையே இல்லை.

இந்நாளில் பல மடிக்கணினிகளில் தகடு இடும் வசதியே கிடையாது. ஆயினும் உங்கள் இல்லங்களில் திருமணமோ, பாட்டனாரின் பேச்சோ பதிந்த தகடுகள் இருக்கக்கூடும். அவற்றைச் சுருக்காமல், உள்ளவாறே படியெடுங்கள். எடுத்த படியைத் தொடக்கம் முதல் இறுதி வரை பாருங்கள். பார்த்து முடித்த பின்னும் மூலத்தை எறிந்துவிடாதீர்கள்.