உடற்குறையுடையோருக்குத் தொழிற்பயிற்சி



கண் தெரியாத பிள்ளைக்குத் தொழில் எதற்கு என்று கேட்போர் நம் கிராமங்களில் இன்னும் இருக்கின்றனர். பாளையங்கோட்டையில் இத்தகைய பிள்ளைகளுக்கென ஆஸ்க்வித் அம்மையார் பள்ளி நிறுவியது 1890-ஆம் ஆண்டில்!

நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவதில் கண்ணைவிட விரலே பிரதானம். ஆனால் "இங்கே இழு, அங்கே கோத்து விடு" என்று வாயால் சொல்லிப் பயனில்லை. மாணாக்கன் தன் கையை ஆசிரியர் கைமீது வைத்து அசைவை அறிய வேண்டும். பின்னி முடித்த மாதிரி ஒன்றைத் தடவிப் பார்க்க வேண்டும். கருவிகள் வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும். செவி கேளாதவனுக்குத் தையல் கற்பிப்போர், அவன் ஊசியை நோக்கியிருக்கும்போது பேசுவது வீண். முதலில் செய்து காட்டி, அவன் நிமிர்ந்த பின்னரே, முகம் வெளிச்சத்தில் தெரியும்படி விளக்குக.

2016-ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு, பொதுவான தொழிற்பயிற்சிகளில் இவர்களையும் சேர்க்கவும், சலுகை வட்டியில் கடன் கிடைக்கவும், செய்பொருள் விற்பனைக்கும் அரசாங்கம் வழிசெய்ய வேண்டுமென விதிக்கிறது. சட்டம் இருந்தும், செவி கேளாத தையற்கார வாலிபனொருவனின் கடன் மனுவை, அவன் தைத்த சட்டையைப் பாராமலே ஒரு சங்கத்தின் நிர்வாக சபையார் தள்ளிவிட்டனர். தந்தையின் பெயரிலானால் தருவார்களாம்! தவணை கட்டப்போகிறவன் என்னவோ அதே பிள்ளைதான்.

ஆகவே மனுதாரரை நேரில் அழைத்து, வேலையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். செவி கேளாதவர் எழுத்தறிந்தவரானால் கேள்விகளை எழுதிக் கேளுங்கள். இல்லையேல் அவருடைய சைகை அறிந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். கால் வழங்காதவர் வருவதானால், சபைக் கூட்டத்தை மாடியில் வையாதீர்கள்.