பந்துக்காரனுக்கும் இருந்தது துண்டு

(கிளிநொச்சியில் நடந்த இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உதைபந்தாட்டம் ஆடுகிற பிள்ளைகள் இத்தனை பேர் முன்னால் இருக்கிறீர்கள். ஆகவே சம்பளக் கதையைப் பந்தை வைத்தே சொல்கிறேன்.

ஒப்பந்தம் முடிந்த வீரனை ஒரு கழகம் பழைய கழகத்துக்கு ஒரு சதமும் கொடுக்காமல் எடுக்கிறது. அவனுக்குப் பெரிய சம்பளம். உடனே தேநீர்க்கடையில் கேட்கிறோம்: "இந்தக் காசுக்கு இவன் பெறுமதியா?"

பெல்ஜியத்தில் பொஸ்மன் என்றொரு வீரர். 1990இல் லியேஜ் கழகத்துடன் ஒப்பந்தம் முடிந்தது. புதிய ஒப்பந்தத்துக்குப் பழைய சம்பளத்தில் கால்வாசிதான் என்றார்கள். பிரான்சில் டங்கேர்க் கழகத்துக்குப் போகப் பார்த்தார். ஒப்பந்தம் முடிந்த ஆளுக்கும் பழைய கழகம் விலை கேட்டது. வழக்குப் போட்டார். 1995 டிசம்பர் 15இல் ஐரோப்பிய நீதிமன்றம் அப்படி விலை கேட்கக் கூடாது என்றது.

இது நமக்குப் புதுக் கதையா? நம்முடைய பூட்டன்மார் காலத்தில் இதற்குப் பெயர் துண்டு. "இவ்வளவு கடனைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் ஆட்களையும் விடுகிறேன்" என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. புதிய தோட்டம் கட்டிய கடன் திரும்ப நம் ஆட்களின் தலையில்தான் ஏறியது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். பந்துக்காரன் இன்னும் 74 வருடம் காத்திருந்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு வீரனை 100 கொடுத்து வாங்கி, வருடம் 20 வீதம் நாலு வருடம் சம்பளம் கொடுத்தால் செலவு 180. சும்மா வந்தவனுக்கு வருடம் 35 கொடுத்தாலும் 140தான். 35ஐ மட்டும் பார்த்து "பேராசைக்காரன்" என்கிறோம். முன்பு முதலாளிக்குப் போன பணத்தில் ஒரு பங்கு இப்போது உழைக்கிறவன் கையில் போகிறது, அவ்வளவுதான்.

பிறகு வயதையும் முழங்காலையும் பார்க்க வேண்டும். 2001இல் சோல் கம்பெல் 26 வயதில் டொட்டன்ஹாமிலிருந்து ஆர்சனலுக்கு இப்படித்தான் போனார். 2003-04இல் ஆர்சனல் ஒரு லீக் ஆட்டத்திலும் தோற்கவில்லை. 2019இல் யுவென்டசுக்குப் போன ஆரோன் ராம்சி காயத்தால் அடிக்கடி வெளியே இருந்தார். 2022இல் காலம் முடிய முன்னமே பிரிந்தார்கள். அது கழகத்தின் கணக்குப் பிழை. காயப்பட்டவன் குற்றவாளி இல்லை.

மலையகத்தில் 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோதும் கம்பனிகள் அந்த ஒரு எண்ணைத்தான் தூக்கிக் காட்டின. கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடுவதைச் சொல்வதில்லை. "பிடிக்காவிட்டால் போ" என்பார்கள். எங்கே போவது? லயன் காம்பரா தோட்டத்துடையது. வேலையை விட்டால் கூரையும் போகுமோ என்று பயப்படுகிறவனால் பேரம் பேச முடியாது. துண்டு போனது, லயன் போகவில்லை. 1958இலும் 1977இலும் அடிபட்டு வன்னிக்கு வந்த நம் குடும்பங்களைக் கேளுங்கள். அவர்கள் போகவில்லை, துரத்தப்பட்டார்கள்.

இங்கேயும் ஒன்று நடக்கிறது. என்னிடம் படித்த தம்பி ஒருவனை வெளியூர்க் கழகம் ஒரு பருவத்துக்குக் கூப்பிட்டது. எல்லாம் வாய்ப்பேச்சு. மூன்றாவது ஆட்டத்தில் முழங்கால் போனது. வைத்தியச் செலவை அவன் அம்மா காதுத் தோட்டை அடகு வைத்துக் கட்டினார். இனி யாராவது கூப்பிட்டால், ஆட்டத்துக்கு எவ்வளவு, எப்போது தருவீர்கள், கால் முறிந்தால் யார் செலவு, பருவம் முடிந்தால் நான் என் பாட்டில் போகலாமா என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டால் அணியில் எடுக்க மாட்டார்கள் என்ற பயம் எனக்கும் தெரியும். அதனால்தான் ஒருவர் கேட்காமல் பதினொரு பேரும் சேர்ந்து கேளுங்கள் என்கிறேன்.

மாதிரி ஒப்பந்தம் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி மேசையில் வைத்திருக்கிறோம். கழகச் செயலாளர் தம்பிமார் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று வீரனிடம் இருக்க வேண்டும்.